“அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்”: அறம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டது. எழுபது வயது அப்பா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகன் மட்டும் உள்ளே போய் முதல் வேலையாகச் சொல்வது: “அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்.” இந்த வாக்கியத்தைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் நம் ஊரில் இருக்க முடியாது.

அன்றிரவு வீட்டில் பஞ்சாயத்து. “சொல்லி என்ன ஆகப்போகுது? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்” என்கிறார் மகன். “சாதாரணக் கட்டிதான்னு அப்பா முகத்தைப் பார்த்து என்னால பொய் சொல்ல முடியாது” என்கிறாள் மகள். “பெத்தவர்கிட்ட மறைக்கிறது நல்ல பிள்ளைக்கு அழகா?” என்று சித்தப்பா கேட்கிறார். மருமகன் இரண்டு பக்கத்துக்கும் நல்லவர்: “பாதி மட்டும் சொல்லிடலாமே?”

தத்துவம் படிக்காமலேயே இவர்கள் மூன்று பெரிய கோட்பாடுகளைப் பேசி முடித்துவிட்டார்கள். மகன் பார்ப்பது விளைவை. ஜெரமி பெந்தமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் வளர்த்த பயன்வாதம் அது. மகள் பிடித்துக்கொண்டிருப்பது கடமையை. அது இமானுவேல் கான்ட்டின் வழி. சித்தப்பா கேட்பது குணத்தைப் பற்றி; அரிஸ்டாட்டிலிடமிருந்து வரும் நற்பண்பு அறவியல். பாடப்புத்தகத்தில் இவற்றை மூன்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு வரி எழுதி ஒப்பிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். வீட்டுப் பிரச்சினைக்கு அந்த ஒற்றை வரியையே தூக்கிக்கொண்டு வந்தால்தான் வம்பு.

பயன்வாதத்தை எடுத்துக்கொள்வோம். “முடிவு நல்லதா இருந்தா வழி எதுவானால் என்ன” என்பதுதான் அந்த ஒற்றை வரி. ஆனால் பெந்தம் 1789-ல் வெளியிட்ட நூலில், ஒரு செயலால் வரும் இன்பதுன்பத்தை ஏழு வகையில் அளக்கச் சொல்கிறார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு காலம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம், அது மேலும் இன்பத்தைக் கொண்டுவருமா, பின்னால் துன்பத்தை இழுத்து வருமா, எத்தனை பேரைத் தொடும். மகன் போட்ட கணக்கில் இருந்தது அன்று இரவு அப்பா அழுவாரா என்பது மட்டும். மூன்றாவது கீமோவில் முடி கொட்டும்போது அப்பா தானாகவே புரிந்துகொள்வது கணக்கில் இல்லை. அதற்குப் பிறகு குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் அவர் நம்பாமல் போவது கணக்கில் இல்லை. அவருக்கு மட்டும் தெரிந்த கொடுக்கல் வாங்கல், மாற்றி எழுத வேண்டிய பத்திரம், பேசாமல் விட்ட தம்பியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, எதுவும் கணக்கில் இல்லை. இதைப் பயன்வாதம் என்று சொல்வது பெந்தமுக்குச் செய்யும் அநியாயம். கண்ணெதிரே இருக்கும் ஒரு வேதனையைத் தள்ளிப்போடுவதைத்தான் நாம் பல நேரம் ‘எல்லோருக்கும் நல்லது’ என்கிறோம்.

கான்ட்டுக்கு நடப்பது இதைவிட மோசம். “விதின்னா விதி, கேள்வி கேட்கக் கூடாது” என்று அவரைச் சுருக்கிவிடுவார்கள். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய அடோல்ஃப் ஐக்மன், 1961-ல் ஜெருசலேமில் நடந்த விசாரணையில், தான் கான்ட்டின் கடமைக் கொள்கைப்படி வாழ முயன்றதாகவே சொன்னான். கான்ட் 1785-ல் எழுதியதோ இதற்கு நேரெதிர். விதியை மேலதிகாரி தருவதில்லை, மனிதன் தன் அறிவால் தனக்கே தந்துகொள்கிறான். எந்த மனிதனையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்பது அந்த அடிப்படை விதிக்கு அவர் தந்த வடிவங்களில் ஒன்று. நாம் எல்லோரும் ஒருவரை ஒருவர் தினமும் பயன்படுத்துகிறோம். பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவதில் தப்பொன்றும் இல்லை. அவருக்கும் ஒரு விருப்பம், ஒரு முடிவு இருக்கிறது என்பதை மறப்பதுதான் தப்பு.

மகளும் கான்ட்டை முழுசாகப் பிடிக்கவில்லை. பொய் சொல்லாமல் இருப்பது என்றால் தெரிந்ததையெல்லாம் உடனே கொட்டிவிடுவது என்று நினைக்கிறாள். 1766-ல் தத்துவவாதி மோசஸ் மெண்டல்சோனுக்கு எழுதிய கடிதத்தில் கான்ட், தான் உறுதியாக நம்பும் பல விஷயங்களைச் சொல்லும் துணிச்சல் தனக்கு ஒருபோதும் வராது, ஆனால் நம்பாத ஒன்றைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். இன்று ராத்திரி பேச்செடுக்காமல் இருப்பதும், “சாதாரணக் கட்டிதான்பா” என்று சொல்வதும் ஒன்றல்ல. முதலாவதைக் கான்ட் பொறுத்துக்கொள்வார், இரண்டாவதை மாட்டார். அப்பா நேராகக் கேட்டுவிட்டால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும் என்பது வேறு விஷயம்.

மருமகனின் ‘பாதி’ அரிஸ்டாட்டிலின் பெயரில் செய்யப்படும் தவறு. நற்பண்பு இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது அளவுகோலின் நடு இல்லை என்பதை அவரே ஓர் உதாரணம் வைத்து விளக்குகிறார். பத்து அளவு உணவு அதிகம், இரண்டு குறைவு என்பதற்காக, பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு கொடுப்பதில்லை. மல்யுத்த வீரன் மிலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது மிதமிஞ்சியது. யாரிடம், எப்போது, எந்த விதத்தில் என்பதையெல்லாம் பார்த்துத்தான் நடு அமைகிறது. சில செயல்களுக்கு நடுவே கிடையாது என்றும் சொல்கிறார்: அளவான திருட்டு என்று ஒன்று இல்லை. ‘பாதி சொல்லலாம்’ என்பதில் எந்தப் பாதி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்பவருக்குக் கஷ்டம் இல்லாத பாதியாகத்தான் இருக்கும்.

கான்ட் அந்த விதிக்குத் தந்த இன்னொரு வடிவமான “எல்லோரும் இப்படிச் செய்தால்?” என்ற கேள்வியையும் தப்பாகவே போடுகிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் மெரினாவுக்குப் போனால் கடற்கரை தாங்காது. அதனால் மெரினாவுக்குப் போவது பாவமாகிவிடுமா? கான்ட் கேட்பது நெரிசலைப் பற்றி அல்ல. அவர் தரும் உதாரணம் கைமாற்று: திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல், தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது. எல்லோரும் அப்படிச் செய்தால் யாரும் வாக்கை நம்ப மாட்டார்கள், கைமாற்று என்ற ஏற்பாடே இல்லாமல் போகும், அந்தத் தந்திரமும் பலிக்காது. செயலின் அடிப்படையையே அந்தச் செயல் தின்றுவிடுகிறது, அதுதான் சிக்கல். இதிலிருந்து நழுவ நாம் கையாளும் வழி, விதியை நமக்கென்று தைத்துக்கொள்வது. “எழுபது வயதுக்கு மேல், பி.பி. இருக்கிற, ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் மட்டும் மறைக்கலாம்” என்று எழுதினால் எந்த விதியும் தேறிவிடும். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும்: “ஒருவரின் உடம்பைப் பற்றிய உண்மையை, அவர் நல்லதுக்கு என்று நாங்கள் நினைத்தால், அவரிடமே மறைப்போம்.” நாளைக்கு உங்கள் பிள்ளைகள் உங்களுக்கு இதைச் செய்தால் சம்மதமா?

சரி, கோட்பாட்டை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் மட்டும் தப்பித்துவிடலாமா என்றால், இல்லை. என் கணக்கில் ஆகப் பெரிய தவறு, முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்குத் தோதான கோட்பாட்டைப் பிறகு தேடுவது. கடையில் பில் இல்லாமல் வாங்கும்போது “யாருக்கு என்ன நஷ்டம்” என்று பெந்தம் ஆகிவிடும் அதே ஆள், தன்னிடம் கைமாற்று வாங்கியவர் இழுத்தடித்தால் “வாக்குன்னா வாக்கு” என்று கான்ட் ஆகிவிடுகிறார். நீங்கள் எடுத்த கோட்பாடு, உங்களுக்குப் பிடிக்காத எதையாவது உங்களைச் செய்யச் சொல்கிறதா? இல்லையென்றால் நீங்கள் யோசிக்கவில்லை, வக்கீல் வைத்திருக்கிறீர்கள்.

திருக்குறளும் இதற்குத் தப்புவதில்லை. “பொய்மையும் வாய்மை யிடத்த” என்று யாராவது ஒருவர் எடுத்துவிடுவார், அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. 292-வது குறள் அங்கே முடியவில்லை. “புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்று ஒரு நிபந்தனையோடு வருகிறது. குற்றமில்லாத நன்மை, அதுவும் உண்மையாகவே விளைந்தால். அடுத்த குறளே “தன்நெஞ் சறிவது பொய்யற்க” என்று தொடங்குகிறது. அப்பாவுக்கு நன்மையா, அவரிடம் சொல்லும் வேலையிலிருந்து நமக்கு விடுதலையா என்பதைத் தன் நெஞ்சைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

இந்தப் பஞ்சாயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். “சொன்னா அப்பா தாங்க மாட்டார்” என்பது அறம் பற்றிய கருத்தே இல்லை. அது ஓர் ஊகம்; சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம், விசாரித்துப் பார்க்கலாம். அம்மா போனபோது அவர் எப்படி இருந்தார்? வேறு யாருக்காவது இந்த நோய் வந்தபோது என்ன சொன்னார்? கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் “உங்களுக்கு இது எத்தனாவது?” என்று சாதாரணமாகக் கேட்கும் இடத்தில், இந்த ரகசியம் எத்தனை நாள் நிற்கும்? அவருக்கு ஏற்கெனவே தெரிந்து, பிள்ளைகளுக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாரா? நாம் அறச் சண்டை என்று நினைப்பதில் பாதி, தகவல் தெரியாமல் போடும் சண்டை. தகவல் சரியானதும் பல சண்டைகள் தானே அடங்கிவிடும்.

“நம்ம ஊர்ல யாரும் சொல்றதில்லை” என்பதும் தகவல்தான். ஊரில் நடப்பதை வைத்து நடக்க வேண்டியதை முடிவு செய்ய முடியாது. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740 வாக்கிலேயே இந்தத் தாவலைச் சுட்டிக்காட்டிவிட்டார். சட்டம் சொல்வதும் அப்படியே முழு விடை ஆகாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அவசர நிலை இல்லாதபோது, சுயநினைவுக்குத் திரும்பி முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று சொன்னது. சிகிச்சைக்கு யார் சம்மதிக்க வேண்டும் என்பதில் அது தெளிவு. ஆனால் அன்று மாலை காபி கொடுக்கும்போது மகள் என்ன பேச வேண்டும் என்பதற்குத் தீர்ப்பில் பதில் இல்லை.

அப்புறம் “ஆளாளுக்கு ஒரு நியாயம், இதில் சரி தப்பு எங்கே இருக்கு?” என்று கைகழுவும் பழக்கம். அந்த வீட்டில் யாராவது “அப்பாவுக்கு வைத்தியமே வேண்டாம், செலவு மிச்சம்” என்றார்களா? பெரும்பாலான விஷயங்களில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். சண்டை ஒரு சின்ன இடத்தில்.

கோட்பாடு ஒரு இடத்தில் சறுக்கினால் அதை மொத்தமாகத் தூக்கிப் போடுவதும் வேண்டாம். 1797-ல் கான்ட் ஒரு கட்டுரை எழுதினார்: நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று அவன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று. படிப்பவர் யாருக்கும் ஒப்பாது, எனக்கும்தான். அதற்காக அவர் மனித மதிப்பைப் பற்றிச் சொன்னது பொய்யாகிவிடாது. இந்த இடத்தில் தத்துவவாதி டபிள்யூ. டி. ராஸ் 1930-ல் எழுதியது உதவும். வாக்குக் காப்பது, தீங்கு செய்யாமை, நன்றி, செய்த தவறுக்கு ஈடு செய்வது என்று நமக்குப் பல கடமைகள் இருக்கின்றன; ஒன்றோடொன்று மோதும்போது ஒன்று விட்டுக்கொடுக்கிறது என்பது அவர் வாதம். தோற்ற கடமை செத்துப்போவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒரு வாரம் அப்பாவிடம் மறைத்தது சரியென்றே வைத்துக்கொண்டாலும், பிறகு “உங்ககிட்ட ஒரு வாரம் சொல்லாம வெச்சிருந்தோம்பா” என்று அவரிடம் சொல்ல வேண்டிய பாக்கி இருக்கிறது.

கடைசியாக, டிராலி. தத்துவவாதி ஃபிலிப்பா ஃபூட் 1967-ல் கிளப்பி, ஜூடித் ஜார்விஸ் தாம்சன் விரித்த அந்தத் தண்டவாளக் கதையில், கட்டுப்பாடு இழந்து ஓடும் வண்டிக்கு இரண்டே வழிகள்: நேராகப் போனால் ஐந்து பேர் சாவார்கள், திருப்பிவிட்டால் ஒருவர். கொல்வதற்கும் சாக விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க, மற்ற வழிகளை வேண்டுமென்றே அடைத்துக் கட்டிய கதை அது. இணையத்தில் அதைப் பார்த்துப் பார்த்து, எல்லா அறச் சிக்கலும் இரண்டே கதவு கொண்டது என்று பழகிவிட்டோம். சொல்வதா, மறைப்பதா?

புற்றுநோய் மருத்துவர்களோ மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கெட்ட செய்தி சொல்வதற்காக 2000-ல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையில், செய்தியைச் சொல்வதற்கு முன்பே ஒரு படி வருகிறது: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியையே கேட்பது. நம் பேச்சில் சொன்னால், “ஐயா, ரிப்போர்ட்ல இருக்கிறதையெல்லாம் நீங்களே கேட்டுக்கிறீங்களா, இல்ல விவரத்தைப் பையன்கிட்ட பேசிடட்டுமா?” சிலர் “எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்லுங்க” என்பார்கள். சிலர் “அவன்கிட்ட பேசிடுங்க, என்ன செய்யணுமோ செய்யட்டும்” என்பார்கள். அப்படிச் சொன்னவரிடம் சொல்லாமல் இருப்பது ஏமாற்று அல்ல, அது அவரே எடுத்த முடிவு. பிறகு மனம் மாறிக் கேட்டால் சொல்ல வேண்டியதுதான். மகனும் மகளும் சித்தப்பாவும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றபடியே இதற்குச் சம்மதிக்க முடியும்.

ஆனால் இதைப் பயாப்ஸிக்கு அனுப்பும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்தக் கேள்வியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.