அணுகுபாதைக் கோப்பு கைக்கு வந்தால்: புதிய உதவிப் பொறியாளருக்கு

சாலையோரத்தில் நிலம் வைத்திருப்பவர் பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், எடைமேடை, மாங்காய் மண்டி என எதைத் தொடங்கினாலும், வண்டி நெடுஞ்சாலையில் ஏறவும் இறங்கவும் ஒரு வழி வேண்டும். அந்த வழிக்கு நெடுஞ்சாலைத் துறை தரும் ஒப்புதல்தான் அணுகுபாதை அனுமதி. பிரிவு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் இந்தக் கோப்புகளை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் பரிந்துரைத்த ஓர் அணுகுபாதையால் ஒருவருக்கு எலும்பு முறிந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இப்போது பணியில் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு அந்த விலை வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படிவம், கட்டணம், கோப்பு எந்த மேசைக்குப் போய் எந்த மேசையிலிருந்து திரும்பும் என்பதையெல்லாம் எழுதவில்லை. அவற்றை அலுவலகத்தில் இரண்டே நாளில் தெரிந்துகொள்வீர்கள். அலுவலகத்துக்கு வெளியே செய்ய வேண்டியவை மட்டும் இங்கே.

முதலில்: சாலை யாருடையது?

கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. முந்தையதற்கு 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டமும், மத்திய அமைச்சகம் 2020 ஜூனில் வெளியிட்ட அணுகுபாதை வழிகாட்டுதல்களும் பொருந்தும். மாநிலச் சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாய் இறங்கும் 44, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைப் பக்கம் போகும் 48, ஊத்தங்கரை வழியாகத் திண்டிவனம் போகும் 77 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகளில் யாரும் குழம்புவதில்லை. குழப்பம் வருவது ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் சாலையில். முன்பு மாநில நெடுஞ்சாலையாக இருந்த அது இப்போது தேசிய நெடுஞ்சாலை 844. நில உரிமையாளரின் பழைய பத்திரத்தில் மாநில நெடுஞ்சாலை என்றே இருக்கும்; அவரும் அதை நம்பி உங்களிடம் வருவார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து "இது எங்கள் சாலை இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்து: நிலம் சாலையைத் தொடுகிறதா?

மனுவோடு பட்டா நகல் வந்திருக்கும். அது போதாது. நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்பட நகலும், எந்தப் புல எண் பட்டா, எது புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகலும் கேளுங்கள். நம் மாவட்டங்களில் ஏரிக்கு ஏரி ஓடையும் வாய்க்காலும் போகின்றன. சாலைக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் அகலத்தில் ஓடைப் புறம்போக்கு ஒளிந்திருக்கும். நேரில் பார்த்தால் வெறும் கருவேலம் புதராகத்தான் தெரியும். அதன் மேல் பாதை போட நம் துறையின் அனுமதி மட்டும் போதாது. அந்தப் புறம்போக்கு யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். சர்வேயரை அழைத்து, கல்லைக் கண்டுபிடித்து, சாலை நிலத்தின் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிறகே நாடாவை விரியுங்கள்.

இடத்தைக் குறிக்கும்போது "பெரிய புளியமரத்துக்கு எதிரில்" என்று எழுதாதீர்கள். கி.மீ. 14/6 என்று எழுதுங்கள்; அதாவது 14-ஆம் கிலோமீட்டர் கல்லைத் தாண்டி 600 மீட்டர். இருநூறு மீட்டர் கற்கள் 2, 4, 6, 8 என்று நிற்கின்றன. அருகில் உள்ள கல்லிலிருந்து எத்தனை மீட்டர், இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் சேருங்கள். மரம் ஒருநாள் விழுந்துவிடும்.

மூன்றாவது: பார்வைத் தூரம்

அணுகுபாதையில் காத்திருக்கும் ஓட்டுநருக்கு, முதன்மைச் சாலையில் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதே பார்வைத் தூரம். இந்தப் படியில்தான் நான் தவறினேன். அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாவட்டச் சாலை. அதில் சிறு மேடு ஒன்று. மேட்டுக்கு அப்பால் ஒரு மாங்காய் மண்டிக்கு அணுகுபாதை கேட்டிருந்தார்கள். மாசி மாதம், வண்டி குறைவான நேரம். நான் தார் ஓரத்தில் நின்று மேட்டைப் பார்த்தேன். எதிரே வந்த வேனின் கூரை தெரிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு அளந்தேன்: 185 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 180 மீட்டர் வேண்டும். இருக்கிறது. பரிந்துரை எழுதினேன், அனுமதி கிடைத்தது.

ஆனியில் மாங்காய் வரத்து தொடங்கியது. பாரம் ஏற்றிய லாரி ஒன்று மண்டியிலிருந்து வலப்பக்கம் திரும்பிச் சாலையின் பாதியில் இருந்தபோது, இராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த வேன் மேட்டைத் தாண்டியது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் பள்ளத்தில் இறங்கியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிர் தப்பியதே பெரிது.

மறுநாள் எங்கள் சாலை ஆய்வாளரோடு அங்கே போனேன். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே இருந்த மனிதர். நான் மறுபடியும் அதே இடத்தில் நின்று பார்த்தேன். அவர், "நின்று பார்க்காதீர்கள் அம்மா. லாரி நிற்கிற இடத்துக்கு இறங்கி, உட்கார்ந்து பாருங்கள்" என்றார். மண்டி சாலையை விடத் தாழ்வாக இருந்தது. காத்திருக்கும் வண்டியின் முகப்பு நிற்கும் தரை தார் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தது. அங்கே இறங்கிக் குனிந்ததும் மேட்டின் முதுகு கண்ணை மறைத்தது. அளந்தோம்: 135 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஆறே விநாடி.

சரியான முறை இதுதான். ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீட்டர் என்று, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநூல்கள் எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் நின்றால் உங்கள் கண் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அந்த ஒரு சாண், மேட்டில் முப்பது மீட்டரைக் கூட்டிக் காட்டும். அணுகுபாதையில் தார் விளிம்பிலிருந்து 15 மீட்டர் பின்னால் போய், அங்கே தரையிலிருந்து 1.2 மீட்டரில் கண்ணை வையுங்கள். உதவியாளர் ஒருவர் 1.2 மீட்டரில் சிவப்புத் துணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு முதன்மைச் சாலையில் நடந்து போகட்டும். துணி மறையும் இடம்தான் உங்கள் பார்வைத் தூரம். வாகனத்தின் கூரையைப் பார்க்காதீர்கள். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டையும் தனித்தனியே அளந்து எழுதுங்கள்.

எத்தனை மீட்டர் வேண்டும்? வாகனம் எட்டு விநாடியில் கடக்கும் தூரம். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு 110 மீட்டர், 65-க்கு 145, 80-க்கு 180, 100-க்கு 220. இந்த நான்கு எண்களை அளவுப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். பலர் இங்கே நிறுத்தப் பார்வைத் தூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். 80 கிலோமீட்டருக்கு அது 120 மீட்டர்தான். எதிரில் ஒரு பொருள் கிடந்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அது. குறுக்கே ஒரு லாரி ஏறி வரும் இடத்துக்கு அது போதாது.

அளந்த பிறகு இன்னொன்றும் செய்கிறேன். கைபேசியில் விநாடிக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஒரு வாகனம் முதலில் கண்ணில் பட்டதிலிருந்து என்னைக் கடக்கும் வரை எண்ணுகிறேன். கார், பஸ், இருசக்கர வாகனம் என்று கலந்து இருபது வண்டிகளாவது எண்ண வேண்டும். வேகப் பலகையில் 50 என்று இருந்தாலும் வண்டிகள் அந்த வேகத்தில் வருவதில்லை. விநாடி கணக்கு உண்மையான வேகத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். எட்டுக்குக் குறைவாக வந்தால் அந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். பாரம் ஏற்றிய லாரி வலப்பக்கம் திரும்ப எட்டு விநாடிக்கு மேலேயே எடுக்கும். மண்டி, குவாரி, கிரானைட் பட்டறை என்றால் கூடுதலாகக் கேளுங்கள்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. நீண்ட தூரத்துக்கு அளவுச் சக்கரம், எல்லைக்கும் அகலத்துக்கும் 30 மீட்டர் எஃகு நாடா. துணி நாடா வேண்டாம், வெயிலில் இழுத்தால் நீளும். கைபேசி வரைபடத்தில் விரல் வைத்துத் தூரம் அளப்பதை நான் ஏற்பதில்லை. அது மேட்டைக் காட்டாது.

அந்த மண்டியின் அணுகுபாதையைப் பிறகு மேட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளி மாற்றினோம். உரிமையாளருக்குச் செலவு இரட்டிப்பானது. முதலிலேயே நான் குனிந்து பார்த்திருந்தால் அந்தச் செலவும் இல்லை, அந்த ஓட்டுநருக்கு வலியும் இல்லை.

நான்காவது: தண்ணீர்

சாலையோரப் பள்ளம் மழைநீர் வழி. பலர் அதில் மண்ணைக் கொட்டி நிரவிவிட்டுப் பாதை போட்டுவிடுவார்கள். ஐப்பசி மழையில் நீர் தாருக்கு மேலே ஓடும், தார் பெயரும், கீழே உள்ள ஏரிக்குப் போக வேண்டிய நீர் எதிர்வீட்டுக்குள் போகும். எனவே குழாய்ப் பாலமோ பலகைப் பாலமோ இல்லாமல் அனுமதி இல்லை. என் விருப்பம் பலகைப் பாலம். குழாய் போட்டால் 600 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். சிறிய குழாய் ஒரே மழையில் பிளாஸ்டிக் பையும் சருகும் சேர்ந்து அடைபடும், உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது. குழாயின் அடிமட்டத்தை மட்டக் கருவி வைத்துப் பாருங்கள். மேல்பக்கத்துப் பள்ளத்தை விட உயரமாகக் குழாய் பதித்துவிட்டால் அது இருந்தும் பயனில்லை. பாதையின் சரிவு சாலையிலிருந்து நிலத்தின் பக்கம் இருக்க வேண்டும்; வளாகத்து நீர் தாருக்கு வரக் கூடாது.

தோண்டுவதற்கு முன் ஒன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் இரண்டு மாவட்டங்களிலும் பல சாலைகளின் ஓரமாகப் போகின்றன. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆளை வரவழைத்துக் குழாய் போகும் இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களுக்காக வந்த தண்ணீர் அது. ஒரு பொக்லைன் வாளி பட்டு உடைந்தால், பழுது பார்க்கும் வரை அந்த ஊர்க் குழந்தைகள் மறுபடி போர்வெல் நீரைக் குடிக்கிறார்கள்.

ஐந்தாவது: நிபந்தனையும் மறு ஆய்வும்

பெட்ரோல் பங்க் என்றால் இந்தியச் சாலைக் காங்கிரஸின் இ.சா.கா. 12 என்ற தரநூலை முழுவதும் படித்துவிட்டு வரைபடத்தைத் தொடுங்கள். மற்றவற்றுக்கு உத்தரவில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பார்வை முக்கோணத்துக்குள் பெயர்ப்பலகை, அலங்கார வளைவு, மதில், செடி எதுவும் கூடாது" என்ற ஒரு வரியை மறக்காமல் சேர்த்து, வரைபடத்தில் அந்த முக்கோணத்தை, அதாவது கண் வைத்த இடத்துக்கும் இருபுறப் பார்வைத் தூர முனைகளுக்கும் நடுவே உள்ள பகுதியை, சிவப்பு மையில் நிழலிட்டு இணையுங்கள். கல்யாண மண்டபங்களில் முதல் முகூர்த்தத்துக்கு முன்பே வளைவு எழுந்துவிடும், அதுவும் சரியாக அந்த மூலையில்.

வேலை முடிந்த அன்று ஒருமுறை போய்ப் பார்ப்பது வழக்கம். நான் இன்னொரு முறையும் போகிறேன்: அந்தத் தொழிலுக்கு உரிய சீசனில். மாங்காய் மண்டிக்கு ஆனியில், மண்டபத்துக்கு முகூர்த்த நாளில், காலை ஏழு மணிக்கு. காத்திருக்கும் லாரிகள் சாலையோரம் வரிசையில் நின்றால், நாம் அளந்த 180 மீட்டரும் அந்த வரிசைக்குப் பின்னால் மறைந்துபோகும். வளாகத்துக்குள் எத்தனை லாரி நிற்க இடம் இருக்கிறது என்பதை இப்போதெல்லாம் மனு வந்ததுமே கேட்கிறேன்.

பிற்சேர்க்கை

இதை எழுதி வெளியிட்ட பின் ஓசூர்ப் பக்கம் பணிபுரியும் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் மேட்டுக்கு அப்பாலிருந்தே தெரிகிறதே, அதைக் கணக்கில் சேர்க்கலாமா?" கூடாது. அந்த வெளிச்சம் பகலில் உதவாது; விளக்கில்லாமல் வரும் டிராக்டருக்கும் உதவாது. பகலில் அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

அரூரிலிருந்து இன்னொருவர் கேட்டது எல்லோருக்கும் வரும் சிக்கல். சாலையோரப் புளியமரம் பார்வையை மறைக்கிறது, உரிமையாளர் மரத்தை வெட்டித் தரச் சொல்கிறார். அந்த மரங்கள் நம் துறையின் பதிவேட்டில் எண்ணிட்டு இருப்பவை; அவற்றின் புளி மகசூல் ஏலத்துக்குப் போகிறது. வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன் அணுகுபாதையை நிலத்தின் முகப்புக்குள்ளேயே நகர்த்திப் பாருங்கள். மரத்தண்டு ஒல்லியானது, கண் வைக்கும் இடம் சில மீட்டர் மாறினாலே சாலை தெரிந்துவிடும். தாழ்ந்த கிளைதான் தடை என்றால் கிளையை மட்டும் கழிக்கக் கேளுங்கள். அரூர்க்காரர் பாதையைப் பன்னிரண்டு மீட்டர் தெற்கே நகர்த்தி, மறுபடி குனிந்து அளந்து பார்த்திருக்கிறார். எட்டரை விநாடி வந்ததாம். மரத்தைத் தொடவில்லை.