எஞ்சின் வேலை உள்ள பழைய கார்: வாங்கலாமா, விடலாமா?

“எஞ்சின்ல சின்ன வேலை ஒன்னு இருக்கு, மத்ததெல்லாம் கிளியர்.” பழைய கார் பார்க்கப் போனவர்கள் இதைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்தச் சின்ன வேலை ஒரு பிளக் வயரோடும் முடியலாம், காரின் பாதி விலையையும் விழுங்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வழியை, முதன்முதலாக வாங்குபவர்களுக்காக எழுதுகிறேன். மலைநாட்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். இங்குள்ள குளிரும் உயரமும் நல்ல எஞ்சினைக் கெட்டதாகக் காட்டும்.

முதலில், ஆறிய எஞ்சினைப் பாருங்கள்

நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். மச்சானுக்காகக் கொட்டகலையில் ஒரு கார் பார்க்கப் போனேன். காலை ஆறரை மணி. பக்கத்தில் நின்ற வேன், ஆட்டோ எல்லாம் பனியில் நனைந்திருந்தன. அந்தக் காரின் பொனட் மட்டும் காய்ந்திருந்தது. கை வைத்தேன், இளஞ்சூடு.

“இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன் தம்பி.”

“பரவாயில்லைண்ணே, நாளைக்கு வாறோம்.”

மறுநாள் எஞ்சின் ஆறிக் கிடந்தது. ஸ்டார்ட் செய்ததும் மூன்று சிலிண்டரில் தடதடத்து, ஒரு நிமிடம் போனபின்தான் நான்காவது சேர்ந்தது. இரவு முழுக்க அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யுமுன்பே ரேடியேட்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்தோம். தண்ணீரில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளொக்குக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் அடைக்கும் தகடு) போன கார். (சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.)

அடுத்து, புகையும் ஒயிலும்

குளிர்காலையில் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவது இங்கே வழமை. எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். ஒயில் மூடியின் அடியில் மோர் போல லேசாகப் படிந்திருப்பதும் வழமைதான். குளிரில் கிட்டத்துக்கு மட்டும் ஓடும் காரில் ஈரம் தங்கும். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். அதிலும் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

பிறகு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டுங்கள்

தலவாக்கலையிலிருந்து நானுஓயா ஏற்றம் போல ஒன்று போதும். இழுவை குறைவு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிவு, டர்போ இல்லாத எந்த எஞ்சினும் கொழும்பில் இழுப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கண்ணாடியில் புகையைப் பாருங்கள். ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் நீலப்புகை வந்தால், ஒயில் எரிகிறது; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம். இரண்டாம் கியரில் நீண்ட இறக்கம் இறங்கி, அடிவாரத்தில் அக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப்புகை ஒரு வீச்சு வந்து அடங்கினால், வால்வ் வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலாக இருக்கலாம். முன்னதற்கு எஞ்சினைக் கழற்ற வேண்டும், பின்னது சிறிய செலவு.

சந்தேகம் தீர, தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கொண்டு கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் அளவு, பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் எஞ்சின் பலவற்றில் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து, பதினைந்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் ஊற்றித் திரும்பப் பார்க்கையில் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட்.

அளவுக்கு மீறிச் சூடேறும் கார் வேண்டாம்

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும், எஞ்சின் ஓடுவதே 90ஐ ஒட்டித்தான். ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிப்பதால்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி மட்டும் பழுது என்றால் மாற்றிவிடலாம். ஆனால் பலமுறை அப்படிச் சூடேறிய காரில் ஹெட்டே வளைந்திருக்கக்கூடும். கொட்டகலைக் காரை விட்டதும் அதனால்தான். எத்தனை தடவை சூடேறியது என்று அந்த அண்ணனால் சொல்ல முடியவில்லை.

கடைசியாக, கணக்கும் புத்தகமும்

விற்பவர் சொல்லும் செலவை நம்பாமல் இரண்டு கராஜில் கேளுங்கள். பிரித்த பிறகுதான் தெரியும் வேலைகளுக்காக அதில் கால்வாசி கூட்டுங்கள். காரின் விலையும் இதுவும் சேர்ந்து, அதே மாடல் நல்ல கார் ஒன்றின் விலையைத் தொட்டால் விட்டுவிடுங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல் மீண்டும் திறக்கும்வரை பழைய காருக்கும் விலை ஏறியிருந்ததால், பலர் இந்தக் கூட்டலைச் செய்யாமல் அவசரப்பட்டார்கள்.

பணம் கொடுக்குமுன் டோர்ச் அடித்து எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றிய கார்கள் நிறைய ஓடுகின்றன. அதைப் பதியாமல் விட்டிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலையப் போவது நீங்கள்தான். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால், அது நீங்கும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.