கேபிள் உரிமம் முடியும் முன் ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஊர்க்காரர்களே நிகழ்ச்சி தயாரிக்கும் எங்கள் ஊர்ச் சானலுக்காக ஆறு ஆண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகளின் நிகழ்ச்சியைத் தயாரிக்கிறேன். ஸ்டூடியோ, கேமரா, பயிற்சி எதற்கும் காசு கிடையாது. யாரும் இரக்கப்பட்டுத் தந்ததல்ல இது. ஊருக்குச் சொந்தமான தெருக்களில் கம்பி இழுத்துச் சம்பாதிக்கும் கேபிள் நிறுவனம் அதற்கு ஈடாகத் தருவது. எவ்வளவு தர வேண்டும் என்பது ஊர் நிர்வாகமும் நிறுவனமும் செய்துகொள்ளும் உரிம ஒப்பந்தத்தில் இருக்கும். அது புதுப்பிக்கப்படும் கூட்டங்களில் நம்மவர் முகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தத்தின் நகலை வாங்குங்கள். ஊரின் ஆவணங்களை வைத்திருக்கும் டவுன் கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும். மாநிலப் பொது ஆவணச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். உரிமம் எந்த நாளில் முடிகிறது, ஊருக்கு எத்தனை சானல்கள், எவ்வளவு பணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்ற பிரிவுகளையும் பொறுமையாகப் படியுங்கள். ஒருமுறை ஊர்க்கூட்ட ஒளிபரப்பில் ஓயாத இரைச்சல். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்குப் பேச்சே விளங்கவில்லை. நிறுவனமோ, கோளாறு ஊர்ச் சானலின் கருவிகளில்தான் என்று சாதித்தது. ஒப்பந்தத்தைப் புரட்டினேன். டவுன் ஹாலிலிருந்து நிறுவனத்தின் நிலையத்துக்குப் போகும் கம்பியைப் பராமரிப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்று தெளிவாக இருந்தது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, ஊரை நிர்வகிக்கும் குழுவான செலக்ட் போர்டு கடிதம் அனுப்பியது. இரண்டாவது வாரமே ஆள் வந்தார். ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு பூத்த இணைப்பு முனையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

உரிமம் முடியும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பின்னோக்கி எண்ணுங்கள். 1984-ஆம் ஆண்டின் மத்திய கேபிள் சட்டப்படி, புதுப்பிப்புக்கான முறையான நடவடிக்கை அந்த 36-ஆவது மாதத்தில் தொடங்கும் ஆறு மாதங்களில் ஊரே ஆரம்பிக்கலாம்; அந்த ஆறு மாதங்களில் நிறுவனம் எழுத்தில் கேட்டால் ஆரம்பித்தே ஆக வேண்டும். நிறுவனம் இதுவரை எப்படி நடந்துகொண்டது, ஊருக்கு இனி என்ன தேவை என்று பொதுமக்களிடம் கேட்கும் கட்டம் இதுதான். பலரும் கடைசி மாதத்தில் ஓடி வருகிறார்கள். அதற்குள் பேரம் படிந்திருக்கும். கேபிள் ஆலோசனைக் குழு உங்கள் ஊரில் இருந்தால் இப்போதே சேருங்கள்.

இந்தக் கட்டத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்க நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் என்ன பேசுவது? தமிழ்ச் சானல் வேண்டும், மாதக் கட்டணம் அதிகம் என்று முறையிடுவதில் பயனில்லை. குறிப்பிட்ட சானலைச் சேர்க்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த ஊருக்கு அதிகாரமில்லை. தேவையைச் சொல்லுங்கள், அதுவும் எண்ணிக்கையோடு. எங்கள் பள்ளியில் இத்தனை பிள்ளைகள், ஆண்டுக்கு இத்தனை நிகழ்ச்சிகள், ஊர்ச் சானலின் படம் மட்டும் மங்கலாக வருகிறது, உயர்தரத்தில் தர வேண்டும் என்று பேசுங்கள். ஊரின் எதிர்காலத் தேவைகளை நியாயமான செலவில் நிறைவேற்றாத திட்டத்தை நிராகரிக்கச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனம் அஞ்சுவது இந்த ஒரு வரிக்குத்தான்.

பண விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நிறுவனம் ஊருக்குத் தரும் உரிமக் கட்டணம் அதன் கேபிள் சேவை வருவாயில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இணைய இணைப்பின் வருவாய் இந்தக் கணக்கில் வராது. கேபிளை நிறுத்திவிட்டு இணையத்தில் படம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டாலும் இந்தத் தொகை குறைகிறது. போதாததற்கு, நிறுவனம் தரும் சில இலவச வசதிகளின் மதிப்பையும் அந்த 5 சதவீதத்துக்குள் அடக்க 2019-இல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் வழிசெய்தது. ஆகவே, பள்ளிக்கும் நூலகத்துக்கும் தரும் இலவச இணைப்புகளில் எவற்றைக் கணக்கில் பிடிக்கப் போகிறார்கள் என்று கூட்டத்திலேயே கேளுங்கள். கேமரா, ஸ்டூடியோ போன்றவற்றுக்கான மூலதனச் செலவு இந்த வரம்புக்கு வெளியே நிற்பது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க விடாதீர்கள்.

பேசி முடித்ததும் பேசியதை எழுத்தில் கொடுத்து, விசாரணைப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். உங்கள் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.