பெரும்பாடு: மருந்துக்கு முன்னே காரணம்

அளவுக்கு மீறிய மாதவிலக்கைப் 'பெரும்பாடு' என்பது பழைய வழக்கு. அதனுடன் மருத்துவரிடம் செல்லும் பெண், தினசரி காலண்டரில் தேதிகளைக் குறித்துக் கையோடு கொண்டு சென்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ரத்தம் கண்ட முதல் நாள், நின்ற நாள், ஒரு நாளில் மாற்றிய நாப்கின்களின் எண்ணிக்கை, கட்டியாகப் போனதா, இடைப்பட்ட நாள்களில் கறை பட்டதா என்பனவே குறிக்க வேண்டியவை. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனைந்தாலோ, தலைசுற்றலும் படபடப்பும் வந்தாலோ, கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற நிலையில் வயிற்றுவலியுடன் ரத்தம் போனாலோ, குறிப்பு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 24 முதல் 38 நாள்கள் இருப்பதும், உதிரப்போக்கு 8 நாள்களுக்குள் நின்றுவிடுவதும் இயல்பு. 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்று பாடநூல்கள் எழுதிவந்தன. வீட்டில் அதை அளந்து பார்ப்பவர் எவருமில்லை. இரவில் எழுந்து நாப்கின் மாற்ற நேர்வதும், ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவதும், அந்த நாள்களில் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமலிருப்பதும் போதுமான அடையாளங்கள்.

கருத்தரிக்கும் வயதினருக்கு முதலில் செய்ய வேண்டியது சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும், ஏனெனில் அந்த அறுவைக்குப் பின் அரிதாகக் கரு தங்கினால் அது கருக்குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்து, ரத்தம் கருப்பையிலிருந்துதான் வருகிறதா, கருப்பை வாயிலிருந்தா என்று மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம் கசிந்தால் அதைக் கூச்சப்படாமல் சொல்வது அவசியம். கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்கம் அவ்வாறு வெளிப்படக்கூடும்.

மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2011இல் வகுத்த முறைப்படி காரணங்கள் ஒன்பது வகைப்படும். பாலிப் (கருப்பையின் உள்படலத்தில் வளரும் சதைத் துருத்தல்), அடினோமயோசிஸ் (உள்படலத் திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு), புற்றுநோயும் அதன் முன்நிலையும் ஆகிய நான்கும் ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ தெரிபவை. ரத்தம் உறைவதில் குறைபாடு, கருமுட்டை சரிவர வெளிப்படாமை, கருப்பை உள்படலக் கோளாறு, மருந்தாலோ காப்பர் டி போன்ற சாதனத்தாலோ வருவது, வகைப்படுத்தாதவை ஆகியன மற்ற ஐந்து.

இவற்றுள் எதை முதலில் தேடுவது என்பதை வயதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளிப்படுவதில்லை. அதனால் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காமல் உள்படலம் தடித்து, கண்டபடி உதிர்கிறது. பெரும்பாலான சிறுமிகளுக்கு இது தானே சீராகும். ஆனால் முதல் மாதவிலக்கிலிருந்தே அதிகமாகப் போகும் சிறுமிக்கு மூக்கில் ரத்தம் வடிதல், பல் பிடுங்கிய பின் நிற்காமை போன்றவையும் இருந்தால், ரத்தம் உறைதலைப் பாதிக்கும் பரம்பரை நோயான வான் வில்லிபிராண்ட் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். நடுவயதில் தைராய்டு, நீர்க்கட்டி, நார்த்திசுக் கட்டி ஆகியவை முன்னே நிற்கும். 45 வயதைக் கடந்தவர்களுக்கும், அதற்கு முன்பே உடற்பருமனும் நெடுங்காலச் சீரற்ற மாதவிலக்கும் உள்ளவர்களுக்கும் உள்படலத் திசுவை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். மாதவிலக்கு முற்றிலும் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், 'சூடு' என்று தள்ளிவிடக் கூடாது. ஸ்கேனில் உள்படலம் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. மீண்டும் ரத்தம் பட்டால் அப்போதும் திசுப் பரிசோதனை தேவை.

ரத்தசோகை உண்டா என்றறிய, ஹீமோகுளோபினுடன் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது நல்லது. உடலின் இரும்புச் சேமிப்பு முதலில் கரைந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். இரும்பு மாத்திரையைக் காபி, தேநீருடன் விழுங்கினால் அது சரிவர உட்கிரகிக்கப்படாது.

உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம், பொதுவாக 1 கிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, ரத்தம் போகும் நாள்களில் மட்டும் நான்கைந்து நாள் தரப்படுகிறது. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. வலியும் இருந்தால் மெஃபெனமிக் அமிலம் உதவும், வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்களுக்கு. நீண்ட நாள் தீர்வாக லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் கொண்ட கருப்பைச் சாதனம் நன்றாக வேலை செய்கிறது. காப்பர் டி உதிரப்போக்கைக் கூட்டும், இதுவோ குறைக்கும். இரண்டையும் ஒன்றென எண்ணி இதை மறுப்போர் பலர். கோயில் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ நாள் தள்ளிப்போட வாங்கும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரையையே பெரும்பாட்டுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நிறுத்திய சில நாளில் ரத்தம் திரும்பிவிடும், காரணமோ மறைந்தே இருக்கும்.

பாலிப்பையும், கருப்பையின் உள்ளறைக்குள் துருத்தும் கட்டியையும் ஹிஸ்டிரோஸ்கோப்பி (கருப்பைக்குள் நுண்குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்ப்பது) வழியே எடுத்துவிடலாம். 'குழந்தை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்பது முதல் ஆலோசனையாக வந்தால் சற்று நிதானிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் இளம் பெண்கள் பலருக்குக் கருப்பை அகற்றப்பட்டது பெரும் சர்ச்சையானது. தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மற்ற சிகிச்சைகள் பலனளிக்காமலோ புற்றுநோய் உறுதியாகியோ அறுவை தேவைப்பட்டால், திசுப் பரிசோதனை முடிவைப் பார்த்த பின்பே சம்மதிக்க வேண்டும்; சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் சினைப்பைகள் இரண்டையும் எடுத்தால் 35 வயதிலும் மாதவிடாய் நிறைவின் உடல் சூடும் எலும்புத் தேய்வும் தொடங்கிவிடும்.