தீபாவளி சீசனில் கடை வேலை தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தி.நகர் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடை வாசல்களில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்க ஆரம்பித்துவிடும். மதுரை விளக்குத்தூண் பக்கம், திருச்சி என்.எஸ்.பி. ரோடு, கோவை ஒப்பணக்கார வீதி என்று எங்கே போனாலும் இதே காட்சிதான். காலேஜ் பீஸ் கட்ட வேண்டியவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஏதாவது சம்பாதிக்க நினைக்கும் அம்மாக்கள், வேறு வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாதவர்கள், எல்லோருக்கும் இந்த இரண்டு மாதம் பெரிய ஆறுதல்.

நான் ஒரு துணிக்கடையில் நான்கு தீபாவளிக்கு கவுண்டரில் நின்றிருக்கிறேன். அப்புறம் இரண்டு வருடம், புது ஆள் எடுக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் எழுதியிருக்கிறேன். நல்ல பிள்ளைகள் சின்னச் சின்னத் தவறால் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைத்தும் சம்பளத்தில் ஏமாந்தவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முதல் நாளே சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

தேடும்போது

முதல் தவறு காலண்டரில் இருக்கிறது. தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. போன வருடம் எப்போது போனோமோ அதே மாதம் போனால் போதும் என்று நினைப்பவர்கள் சில வருடம் பத்து, பதினொரு நாள் பிந்திவிடுகிறார்கள். தீபாவளித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒன்றரை, இரண்டு மாதம் முன்னால் கடைப்படி ஏறிவிட வேண்டும். எந்த ரேக்கில் என்ன சரக்கு, எது எந்த விலை, பில் எங்கே போடுவது என்று புது ஆளுக்குப் பிடிபடவே இரண்டு மூன்று வாரம் ஆகும். பத்து நாள் இருக்கும்போது வருபவர்களுக்கு பெரும்பாலும் பேக்கிங்கும் குடோனிலிருந்து பண்டல் தூக்குவதும்தான் மிஞ்சும்.

போகும் நேரமும் முக்கியம். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, கூட்டம் நெரியும்போது பில்லிங் கவுண்டரில் போய் "வேலை இருக்கா சார்?" என்று கேட்பவர்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வார நாளில் காலை பத்தரை, பதினொரு மணிக்குப் போங்கள். கடை திறந்து, துடைத்து, சாமி கும்பிட்டு, மேனேஜர் டீ குடித்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் 'தீபாவளி சிறப்பு வேலைவாய்ப்பு' செய்திகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணம், யூனிபார்ம் டெபாசிட், ஐடி கார்டுக்கு என்று சொல்லி ஐந்நூறு, ஆயிரம் ஜிபே பண்ணச் சொல்வார்கள். பெரிய கடைகளின் பெயரையும் படத்தையும் போட்டிருப்பார்கள். உங்களுக்குச் சம்பளம் தரப்போகிற கடை உங்களிடம் முன்பணம் கேட்காது. சந்தேகமாக இருந்தால் நேராகக் கடைக்கே போய் விசாரியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். நம்பகமான வழி வேண்டுமென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தனியார் துறை முகாம்களைக் கவனியுங்கள். தமிழ்நாடு அரசு நடத்தும் தனியார் துறை வேலை இணையதளமும் இருக்கிறது, அதில் பதிவு இலவசம்.

ஆன்லைன் கம்பெனிகளின் குடோன் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஆள் எடுப்பது நடுவில் இருக்கும் மேன்பவர் ஏஜென்சி. சம்பளம் தரப்போவது யார், அவர்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேலையில் சேராதீர்கள்.

அந்த ஐந்து நிமிடம்

கடை இன்டர்வியூ ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். சில சமயம் உட்கார நாற்காலிகூட இருக்காது, ரேக் பக்கத்தில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். அதனால்தான் பலர் அதற்குத் தயாராவதே இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிடுகிறார்கள்.

"என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்" என்பார்கள். பணிவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ இந்தப் பெண்ணை எங்கே நிறுத்துவது என்று ஒரு துப்பும் கிடைக்காது. அதற்குப் பதில், "சுடிதார் செக்‌ஷன் நல்லா வரும் சார், எங்க வீட்ல எல்லாருக்கும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கிட்ஸ் செக்‌ஷன்ல போட்டாலும் பார்த்துக்குவேன்" என்று சொல்லிப் பாருங்கள். பேனா உடனே எழுத ஆரம்பிக்கும்.

இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் கடையைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் முன்னால் வாடிக்கையாளர் மாதிரி அந்தக் கடைக்குள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எத்தனை மாடி, எந்த மாடியில் என்ன, எங்கே கூட்டம் அதிகம் என்று பாருங்கள். வேட்டியில் நாலு முழம் என்றால் சிங்கிள், எட்டு முழம் என்றால் டபுள் என்பதும், பட்டுக்கும் ஆர்ட் சில்க் எனப்படும் செயற்கைப் பட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதும் தெரிந்தால் போதும், மற்றதைக் கடையே சொல்லிக்கொடுக்கும்.

கணக்குக் கேட்பார்கள். "1,850 ரூபாய் சேலை, 20 சதவீதம் தள்ளுபடி, எவ்வளவு?" போனை எடுக்காதீர்கள். பத்து சதவீதம் 185, இரண்டு மடங்கு 370, கழித்தால் 1,480. சத்தமாகவே கணக்குப் போடலாம், தப்பில்லை. விடையைவிட நீங்கள் பதறாமல் யோசிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். சில இடத்தில் ஒரு சேலையைப் பிரித்துப் போட்டு மடிக்கச் சொல்வார்கள். வீட்டில் நாலு தடவை மடித்துப் பழகிவிட்டுப் போவதில் என்ன நஷ்டம்?

இங்கிலீஷ் வராது என்று தயங்கி வாசலோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். துணிக்கடைக்கு வேண்டியது முகம் கொடுத்துப் பேசுவது. தி.நகருக்கு நெல்லூர், திருப்பதியிலிருந்து வந்து கல்யாணத் துணி எடுக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே தெலுங்கில் நூறு வரை எண்ணத் தெரிந்த பெண்ணுக்குத் தனி மதிப்பு. உங்களுக்கு வேறு மொழி கொஞ்சமாவது தெரிந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

பொய் மட்டும் வேண்டாம். "தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி வரை இருப்பியாம்மா?" என்பதுதான் அந்த மேசையில் கேட்கும் முக்கியமான கேள்வி. வேலை கிடைத்தால் போதும் என்று தலையாட்டிவிட்டு, கடைசி வாரம் ஊருக்குக் கிளம்புகிறவர்களால்தான் அடுத்த வருடம் வருகிற புதுப் பிள்ளைகள்மேல் கடைக்காரர்களுக்கு நம்பிக்கை குறைகிறது. மாணவர்கள் செமஸ்டர் பரீட்சைத் தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். "இந்த மூணு நாள் மட்டும் பரீட்சை சார், மத்தபடி தீபாவளி வரை வந்துடுவேன்" என்று முன்கூட்டியே சொன்ன ஒரு பையனை எங்கள் சூப்பர்வைசர் அந்த நிமிடமே எடுத்துக்கொண்டார். மூன்று நாளுக்கு மாற்று ஆள் போடுவது அவருக்குச் சிரமமே இல்லை. சொல்லாமல் நின்றால்தான் சிரமம்.

தோழியைக் கூட்டிக்கொண்டு போய், "எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க" என்று சொல்லாதீர்கள். அப்பாவோ அண்ணனோ துணைக்கு வருவது நல்லதுதான், ஆனால் பதிலை நீங்களே சொல்லுங்கள். முன்பு வேலை பார்த்த கடையைப் பற்றிக் குறை பேச வேண்டாம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் உண்மையான காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். உடை சுத்தமாக, தலை படிய வாரி, நகம் வெட்டி இருந்தால் போதும். பட்டுப் புடவை நூலில் நீள நகம் மாட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் கையைப் பார்ப்பார்கள்.

சம்பளம் பேசக் கூச்சப்படாதீர்கள்

இனி நான் பட்டது. என் முதல் சீசனில் மாதம் இவ்வளவு என்று சொன்னார்கள், சரி என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. முதல் மாதச் சம்பளம் பாதிதான் வந்தது. முதல் பதினைந்து நாள் சம்பளத்தை 'ஹோல்டு' வைப்பது அந்தக் கடையின் வழக்கமாம், சீசன் முடிந்த பிறகுதான் தருவார்களாம். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போக முடியவில்லை. அந்தப் பதினைந்து நாள் பணம் கடைசிவரை கைக்கு வரவில்லை. சேர்ந்த அன்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சேருவதா வேண்டாமா என்று முடிவெடுத்திருப்பேன்.

அதனால் இவற்றைக் கேளுங்கள்: கைக்கு எவ்வளவு வரும், எந்தத் தேதி, பாங்கில் போடுவீர்களா? சாப்பாடு, ஹாஸ்டல் இலவசமா, பிடித்தமா? ஒரு நாள் லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பீர்கள்? ஹோல்டு உண்டா? எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது? "சார், வீட்ல கேப்பாங்க, அதனால தெரிஞ்சுக்கறேன்" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டதற்காகவே வேலை தராத இடம் என்றால் அங்கே சேராமல் இருப்பது உங்களுக்கு நல்லது. சொன்னதை அன்று ராத்திரியே மேனேஜர் நம்பருக்கு மெசேஜாக அனுப்பிவிடுங்கள். அதுவே ஒரு சாட்சி.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கடையில் 15,000, காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பதரை வரை. இன்னொன்றில் 13,000, ஒன்பது மணி நேரம். இரண்டிலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், மாதம் 26 நாள் என்று வையுங்கள். முதல் கடையில் மணிக்கு சுமார் 52 ரூபாய், இரண்டாவதில் 62 ரூபாய் 50 காசு. அதோடு பஸ், ரயில் நேரத்தையும் சேருங்கள். மாம்பலத்தில் கடைசி ரயிலைப் பிடித்து செங்கல்பட்டு போய்ச் சேருகிறவருக்கு அந்த மூன்று மணி நேரம் தூக்கத்திலிருந்துதான் குறைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி. பெண்களை ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் அவர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், கடை பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 2021-ல் இந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும். கேரளம் இதை 2018-லேயே கொண்டுவந்தது. நாள் முழுக்க நின்று கால் நரம்பு புடைத்துப்போன அக்காக்களோடு வேலை பார்த்தவளுக்கு இந்தத் திருத்தத்தின் அருமை தெரியும். கடையைச் சுற்றிப் பார்க்கப் போகும்போதே கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அந்த ஸ்டூலே சொல்லிவிடும்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் எங்கேயும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டலாம், கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மார்க் ஷீட்டை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டால், பிறகு பிடிக்காத வேலையிலிருந்து விலகக்கூட முடியாமல் தவிப்பீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், அதன்மேல் 'வேலைக்காக' என்று எழுதித் தேதி போடுங்கள். ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு

தினமும் வந்த நேரம், போன நேரத்தை ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். சம்பள நாளில் வாக்குவாதம் வந்தால் அது பேசும். பி.எஃப். பிடித்தால் உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணை (கடை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், ஒவ்வொரு கடைக்கும் புதிது புதிதாகத் தொடங்கினால் பணம் துண்டு துண்டாகக் கிடக்கும். போனஸ் பற்றி சீசன் ஆட்கள் யாரும் கேட்பதே இல்லை. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் அரசு வைத்த வரம்புக்கு மேல் போகாதவர், ஒரு கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு. அதனால் சேரும் நாளையும் விலகும் நாளையும் கவனித்துக்கொள்ளுங்கள். 27 நாளில் நின்றுவிட்டால் வீணாக விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்.

தீபாவளி முடிந்த மறுநாள் பாதிப் பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்கள். நீங்கள் போய் சூப்பர்வைசரைப் பாருங்கள். அவரும் கூட்டம் ஓய்ந்து கொஞ்சம் நிதானமாக இருப்பார். இத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று கடையின் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். பொங்கலுக்கு மறுபடி ஆள் வேண்டியிருக்கும். அப்போது அட்டை தொங்கவிடுவதற்கு முன்பே அவர் போனை எடுத்து, தெரிந்த பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிடுவார். எனக்கு இரண்டாவது சீசன் அப்படித்தான் வந்தது, மார்கழி பிறந்த வாரம் ஒரு காலை நேரத்தில்: "என்னம்மா, வர்றியா?"