அப்டைம் எண்ணைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒழுங்காக ஷட் டவுன் செய்த விண்டோஸ் கணினி. காலையில் ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தால், அப்டைம் (கணினி தொடர்ந்து ஓடிய நேரம்) 12 நாள் என்று நிற்கிறது. இயங்குதளம் இந்தக் கணக்கைப் பவர் பட்டனை வைத்துப் போடுவதில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எப்போது தொடங்கியதோ, அதிலிருந்துதான் எண்ணுகிறது.

விண்டோஸ் 8-இல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதிதான் இங்கே குழப்பத்துக்குக் காரணம். அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், உங்கள் செயலிகள் மூடப்படும். நீங்கள் லாக் அவுட் ஆவீர்கள். ஆனால் கெர்னலும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் நினைவகத்துக்குத் திரும்பும். கெர்னலைப் பொறுத்தவரை அது தூங்கி எழுந்திருக்கிறது, அவ்வளவே. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ‘நேற்றுதான் ஆஃப் செய்தேன், மறுபடி ரீஸ்டார்ட் எதற்கு?’ என்று டெக்னிக்கல் சப்போர்ட்டிடம் சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினால் முழு ஷட் டவுன் நடக்கும்.

தூக்க நேரம் கணக்கில் சேருமா என்பது அடுத்த சிக்கல். லினக்ஸில் ‘அப்டைம்’ கட்டளை காட்டும் நேரத்தில், லேப்டாப் மூடிக் கிடந்த நேரமும் அடக்கம். ஆனால் நிரல் எழுதுபவர்கள் வழக்கமாக எடுக்கும் ‘மோனோடோனிக்’ கடிகாரம் தூக்கத்தில் நின்றுவிடும். தூக்கத்தையும் சேர்த்து எண்ண ‘பூட்டைம்’ என்று தனிக் கடிகாரம் இருக்கிறது. மேக்கிலும் இப்படி இரண்டு உண்டு. ஒன்றில் தொடக்க நேரத்தைக் குறித்துவிட்டு மற்றொன்றோடு கழித்தால், வார இறுதி முழுக்க மூடியிருந்த லேப்டாப்பில் விடை இரண்டு நாள் பிசகும். கெர்னல் பதிவுகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையில் தேதியோடு கேட்டாலும் இதே கதைதான். கடைசியாகக் கணினி விழித்ததற்கு முந்தைய வரிகளில் உள்ள மணி தப்பாக இருக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எத்தனை பேர் அந்தக் கையேட்டைப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சுவர்க்கடிகார நேரத்தைக் கழித்து அப்டைம் கண்டுபிடிப்பதும் ஆபத்தான பழக்கம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைகளில், 4-ஆம் மாடல் வரை, பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. பூட் ஆகும்போது பழைய நேரத்தோடு எழுந்து, நெட்வொர்க் கிடைத்தபின் சரியான நேரத்துக்குத் தாவும். அந்தப் பழைய நேரத்தில் பதிவான ‘பூட் ஆன நேரத்தை’ இப்போதைய நேரத்திலிருந்து கழித்தால், ஐந்து நிமிடம் முன் எழுந்த பலகை ஒரு வாரமாக ஓடுவதாகத் தெரியும்.

இனி, எண் நிரம்பி வழியும் சங்கதி. மில்லிசெகண்டுகளை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் மீண்டும் பூஜ்யம். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இதனால் அந்த நாளில் உறைந்துபோகும் சிக்கல் இருந்தது. செகண்டில் நூறில் ஒரு பங்காக எண்ணினால் 497 நாள். பழைய லினக்ஸ் சர்வர்களில் அப்டைம் திடீரென்று பூஜ்யத்துக்குப் போனது இப்படித்தான். குறியுள்ள எண்ணாக (மைனஸ் மதிப்பும் ஏற்கும் எண்ணாக) வைத்தால் அதிலும் பாதி, 248 நாள். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் நின்றுவிடக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-இல் உத்தரவு போட்டது.

நிரலில் இதற்கு எதிராகச் செய்ய வேண்டியது சின்ன விஷயம். 5000 மில்லிசெகண்ட் ஆனதா என்று பார்க்க, ‘தொடக்கம் கூட்டல் 5000 தாண்டிவிட்டதா’ என்று கேட்காதீர்கள்; ‘இப்போது கழித்தல் தொடக்கம் 5000-க்கு மேலா’ என்று கேளுங்கள். குறியில்லா எண்களில் இரண்டாவது கேள்வி, எண் சுழன்ற பிறகும் சரியான விடை தரும். முடிந்தால் 64 பிட் கணக்குக்கே போய்விடுங்கள்.

சர்வர்களைக் கண்காணிக்கும் டாஷ்போர்டில் அப்டைம் குறைந்ததுமே ‘சர்வர் ரீபூட் ஆகிவிட்டது’ என்று அலாரம் அடிப்பதும் அவசரம். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறை தரும் ‘சிஸ்அப்டைம்’, அந்தக் கருவியில் ஓடும் மேலாண்மை மென்பொருள் தொடங்கியதிலிருந்து ஆன நேரம். அதை மட்டும் மறுதொடக்கம் செய்தாலும் பூஜ்யமாகும். அதுவும் 497 நாளில் சுழலும். ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாகச் செயலிகளை ஓட்டும் டாக்கர் கன்டெய்னரிலோ இதற்கு நேர் எதிர்: ஒரு நிமிடம் முன் பிறந்த கன்டெய்னருக்குள் ‘அப்டைம்’ தட்டினால், தாங்கும் கணினியின் நூறு நாள் கணக்கு வந்து நிற்கும்.

லினக்ஸ் ‘ப்ராக்’ அடைவில் உள்ள அப்டைம் கோப்பில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதை மட்டும் எடுங்கள். இரண்டாவது எல்லா கோர்களும் சும்மா இருந்த நேரத்தின் கூட்டல், அதனால் முதலாவதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம்.

நீண்ட அப்டைமைப் பெருமையாகக் காட்டுவோருக்கு ஒன்று: லைவ் பேட்ச் (ரீஸ்டார்ட் இல்லாமலே கெர்னலைத் திருத்தும் வசதி) இல்லையென்றால், அத்தனை நாளாகக் கெர்னலுக்கு எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் போய்ச் சேரவில்லை என்றுதான் அதற்குப் பொருள். சேவை கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்கு உறுதியளிக்கும் 99.9 சதவீதமும் இந்த எண்ணிலிருந்து வராது. அது வருடத்துக்குச் சுமார் 8 மணி 46 நிமிடம் சேவை முடங்கலாம் என்ற கணக்கு. கெர்னல் ஓடிக்கொண்டிருக்க, மேலே டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் அப்டைம் ஏறிக்கொண்டேதான் போகும். சேவை கிடைக்கிறதா என்பதை அளக்க வெளியிலிருந்து சேவைக்கே கோரிக்கை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள்.