கார் கூரைப் பையும் தலைக்கு மேல் ஒரு ரீங்காரமும்

ஒருவழியாகச் சத்தம் நின்றது, நிம்மதி.

குடும்பத்தோடு நீண்ட பயணம். கூரைக்குக் கெட்டிப் பெட்டியா, மடக்கும் பையா என்று பார்த்துப் பையைத்தான் வாங்கினேன். எங்கள் கார் கையேட்டின்படி கூரை தாங்குவது 75 கிலோ. குறுக்குக் கம்பிகளும் கேரியரும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். கெட்டிப் பெட்டி வெறுமையாகவே 15, 20 கிலோ வரும்.

கட்டி ஓட்டிப் பார்த்தால், வேகம் 70-ஐத் தாண்டியதும் தலைக்கு மேல் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். வேகம் குறைந்தால் சட்டென்று நிற்கும். சக்கர பேரிங்கோ என்று மெக்கானிக்கிடம் காட்டினேன், குறையில்லை என்றார். கதவு ரப்பரையும் பார்த்தாயிற்று. பையை முன்னும் பின்னும் நகர்த்தினேன். பயனில்லை.

பிறகு பையைக் கட்டியிருந்த பட்டைகளை நன்றாக இறுக்கினேன். சத்தம் குறையவில்லை, ஆனால் சுருதி ஏறியது! அதுதான் துப்பு. பேரிங் சத்தத்துக்கும் பட்டை இறுக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? தட்டையான பட்டைதான் காற்றில் தம்புரா தந்தி போல அதிர்ந்திருக்கிறது.

பைக்கும் கம்பிக்கும் நடுவே எதிலும் படாமல் நிற்கும் பகுதியில் மட்டும் பட்டைக்கு இரண்டு முறுக்கு கொடுத்துக் கட்டினேன். முறுக்கு பக்கிளுக்குள் போகக்கூடாது, பிடிப்பு தளரும். பை மேல் படியும் பகுதியும் தட்டையாகவே இருக்கட்டும். தொங்கும் நுனிகளைச் சுருட்டிச் செருகினேன்.

அப்புறம் 100-இல் போனபோதும் சத்தமில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். உள்ளே துணி அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும்.